வானில் வந்தது சீரோவா? மலாயாப் போரின் ஜப்பானிய விமானங்களும் அவற்றின் பெயர்களும்

1941 டிசம்பர் 8ஆம் நாள் விடியுமுன் ஜப்பானியத் தரைப்படை கோத்தா பாருக் கடற்கரையில் இறங்கியது. எழுபது நாள்களுக்குள் மலாயா முழுவதும் சிங்கப்பூரும் அதன் வசமாயின. அந்த எழுபது நாள்களிலும் வானம் பெரும்பாலும் ஜப்பானியரின் கையில் இருந்தது. இப்போரைப் பற்றித் தமிழில் எழுதுவோரும் மேடையில் பேசுவோரும் வானத்தைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால் ஒரு சொல்லைத் தயங்காமல் எடுத்தாள்கின்றனர். 'சீரோ விமானங்கள் பறந்து வந்தன', 'சீரோக்கள் சுட்டுத் தள்ளின' என்னும் தொடர்கள் நமக்குப் பழகிப் போனவை. அன்று எதிர்த்துப் பறந்த ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விமானிகளின் நினைவுக் குறிப்புகளிலும் அதே சொல் வருகிறது. நேரில் கண்டவர்களே சொன்ன பின் ஐயம் எதற்கு என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

ஆயினும் இரு தரப்புப் பதிவேடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் வேறொரு முடிவுக்கு வந்துள்ளனர். மலாயா வானில் பிரிட்டிஷ் தரப்பை எதிர்கொண்ட ஜப்பானியச் சண்டை விமானங்களில் மிகப் பெரும்பான்மை சீரோ அல்ல. அவை ஜப்பானியத் தரைப்படையைச் சேர்ந்த 'ஹயபூசா' என்னும் வேறு விமானமும் அதற்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த இன்னொன்றும் ஆகும். சீரோ கடற்படையின் விமானம். அதுவும் இப்போரில் வந்தது. சிறு எண்ணிக்கையில் வந்தது. இம்மயக்கம் எவ்வாறு தோன்றியது, மெய்யை எவ்வாறு கண்டறிந்தனர், ஒரு விமானத்தின் பெயர் மாறியதால் யாருக்கு என்ன குறை என்பனவே இங்கு ஆராயப்படும் பொருள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் 'போர் விமானம்' என்பது படைக்குரிய எல்லா விமானத்துக்கும் பொதுப்பெயராக வழங்குகிறது. குண்டு வீசுவதும் போர் விமானமே. வானில் எதிரி விமானத்தோடு மோதுவதும் போர் விமானமே. இக்கட்டுரையில் இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டியிருப்பதால், பின்னதைச் 'சண்டை விமானம்' என்று குறித்துள்ளேன். தமிழ்ச் செய்தித்தாள்கள் இவ்வேறுபாட்டைப் பேணினால் பாதிக் குழப்பம் தீரும்.

பெயர் வந்த வழி

ஜப்பானியர் அக்காலத்தில் தம் பேரரசு நிறுவப்பட்டதாக மரபு கூறும் ஆண்டிலிருந்து தொடர் ஆண்டு கணக்கிட்டனர். அக்கணக்கின்படி கி.பி. 1940 என்பது 2600ஆம் ஆண்டு. ஒரு விமானம் படையில் ஏற்கப்பட்ட ஆண்டின் இறுதி எண்ணே அதன் வகைப்பெயராயிற்று. 2597இல், அதாவது 1937இல், தரைப்படை ஏற்றுக்கொண்ட சண்டை விமானம் '97ஆம் வகை'. 2600இல் கடற்படை ஏற்றுக்கொண்டது 'சுழிய வகை'. 2601இல் தரைப்படை ஏற்றுக்கொண்டது '1ஆம் வகை'. இவற்றுள் நடுவிலுள்ள சுழியம்தான் ஆங்கிலத்தில் 'சீரோ' ஆகி உலகெங்கும் பரவியது. ஜப்பானிய மொழியில் அதனை 'ரெய்சென்' என்பர். 'சீரோசென்' என்று சொல்வதும் உண்டு. நாம் 'சுழிய விமானம்' என்று மொழிபெயர்க்கத் தேவையில்லை. சிறப்புப் பெயராகிவிட்டதை அப்படியே விடுவது நன்று.

தரைப்படையின் 1ஆம் வகைக்கு இன்னொரு குறியீடும் உண்டு: கி-43. 'கி' என்பது விமான உடலைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லின் முதலெழுத்து. 43 அதன் வடிவமைப்பு வரிசை எண். 97ஆம் வகைக்குக் கி-27. 'ஹயபூசா' என்பது வல்லூறு இனத்துப் பறவையொன்றின் பெயர். இப்பெயரைத் தரைப்படை பொதுமக்களுக்கு அறிவித்ததே போர் தொடங்கிய பிறகுதான். ஆகவே 1941 டிசம்பரில் மலாயாவில் இருந்த எவருக்கும் அப்பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஜப்பானில் தரைப்படைக்கும் கடற்படைக்கும் தனித்தனி விமானப் பிரிவுகள் இருந்தன. தனி வான்படை இல்லை. இரண்டும் ஒன்றையொன்று போட்டியாளராகவே கருதின. தனித்தனியே வடிவமைத்தன, தனித்தனியே பெயரிட்டன, தனித்தனியே பறந்தன. 'இது எந்த விமானம்' என்ற வினாவுக்கு விடை தேடும்போது, 'இது எந்தப் படையின் பணி' என்று முதலில் கேட்பது பயனுள்ள வழி. விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எழுந்ததாயின் அது கடற்படையினது. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பையும் 9ஆம் நாள் திருகோணமலையையும் தாக்கிய குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக வந்த சண்டை விமானங்கள் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்தவை. அவை ஐயமின்றிச் சீரோக்களே. இலங்கைத் தமிழர் ஒருவர் தம் பாட்டனார் சீரோவைக் கண்டார் என்று எழுதினால் அது பிழையன்று. நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்துத் தமிழர் அவ்வாறு எழுதினால் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

ஏன் மயங்கினர்?

இரு விமானங்களையும் அருகருகே நிறுத்திப் பார்த்தாலே புதியவர் ஒருவர் தடுமாறுவார். இரண்டும் ஒற்றை இயந்திரம் உடையவை. இறக்கை உடலின் அடிப்புறத்தில் பொருந்தியவை. பறக்கும்போது சக்கரங்களை உள்ளிழுத்துக்கொள்பவை. இருக்கைக்கு மேல் கண்ணாடிக் கூடு உடையவை. முன்புறம் இரண்டிலும் வட்டமான காற்றுக் குளிர்ப்பு இயந்திரம். இவ்வொற்றுமை தற்செயலானதன்று. சீரோவை மிட்சுபிஷி நிறுவனத்தில் ஜிரோ ஹொரிகோஷி வடிவமைத்தார். ஹயபூசா நகஜிமா நிறுவனத்தின் படைப்பு. ஆனால் சீரோவுக்குப் பொருத்தப்பட்ட 'சக்காய்' இயந்திரத்தைச் செய்ததும் நகஜிமாவே. அதே இயந்திரம், தரைப்படைக்குரிய வேறொரு பெயரில், ஹயபூசாவிலும் இருந்தது. பதினான்கு உருளைகள் இரு வரிசையாக அமைந்த, ஏறத்தாழ 950 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம் அது. அதைவிட வியப்பு, மிட்சுபிஷி வடிவமைத்த சீரோக்களில் பாதிக்கு மேல் நகஜிமாவின் தொழிற்சாலையிலேயே கட்டப்பட்டன. இயந்திரம் ஒன்றானால் மூக்கின் பருமனும் ஏறக்குறைய ஒன்றாகும்; ஒலியும் ஒத்திருக்கும்.

வேறுபாடுகளும் உண்டு. 1941ஆம் ஆண்டுச் சீரோவின் இறக்கை நீளம் 12 மீட்டர். ஹயபூசாவின் முதல் வடிவத்துக்கு 11.44 மீட்டர். அரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட இந்த வேறுபாட்டை வானில் எவராலும் அளக்க முடியாது. சீரோவின் முன் சுழலிக்கு மூன்று அலகுகள். அன்றைய ஹயபூசாவுக்கு இரண்டு. சுழலும்போது இரண்டும் வெறும் வட்டம்தான். சீரோ பெரும்பாலும் வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்தது. மலாயாவுக்கு வந்த ஹயபூசாக்களின் மேற்புறம் கரும்பச்சை சார்ந்தது. இது கண்ணுக்குத் தெரியக்கூடிய வேறுபாடு. ஆனால் மேலிருந்து பார்ப்பவருக்கே தெரியும். கீழே நிற்பவர் காண்பது அடிப்புறத்தை.

எல்லாவற்றிலும் முதன்மையானது படைக்கல வேறுபாடு. சீரோ தன் மூக்கில் இரு இயந்திரத் துப்பாக்கிகளையும், இறக்கைக்கு ஒன்றாக இரு 20 மில்லிமீட்டர் பீரங்கிகளையும் தாங்கியது. ஹயபூசாவுக்கு இறக்கையில் எதுவும் இல்லை. மூக்கின் மேல் இரண்டே துப்பாக்கிகள், 7.7 அல்லது 12.7 மில்லிமீட்டர் அளவின. ஒரு சண்டை விமானத்துக்கு இது மிகவும் குறைவு. பீரங்கிக் குண்டு பட்டால் தகடு கிழிந்து பெரும் பிளவு உண்டாகும்; துப்பாக்கிக் குண்டு துளையிடும். சேதமுற்றுத் திரும்பிய விமானத்தின் உடலே சாட்சி சொல்லும்.

சண்டை விமானி ஒருவர் எதிரியைப் பார்க்கும் நேரம் எவ்வளவு என்பதையும் நினைக்க வேண்டும். இரு விமானங்கள் எதிரெதிரே வந்தால் சில நொடிகள். பின்னாலிருந்து தாக்கப்பட்டால் அதுவும் இல்லை. வெயில் கண்ணில் படும், முகில் மறைக்கும், உயிர் போகும் நேரத்தில் சுழலியின் அலகுகளை எண்ண எவருக்கும் தோன்றாது. எண்ணாததற்காக நாம் அவர்களைக் குறைகூற இயலாது. ஆனால் 'கண்டேன்' என்பதும் 'இன்னதைக் கண்டேன்' என்பதும் ஒன்றல்ல. முன்னது சாட்சியம், பின்னது கண்டதற்கு மனம் தந்த பெயர்.

யார் எதில் பறந்தார்கள்?

மலாயாப் போரில் ஜப்பானியத் தரைப்படையின் சண்டை விமானப் பிரிவுகளில் இரண்டே இரண்டு ஹயபூசாக்களைப் பெற்றிருந்தன: 59ஆம் பிரிவும் 64ஆம் பிரிவும். மற்றவற்றுள் பெரும்பாலானவை பழைய கி-27ஐயே வைத்திருந்தன. கி-27இன் சக்கரங்கள் உள்ளிழுக்கப்படாமல் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். போரின் முதல் பலி இந்தப் பழைய விமானத்தாலேயே நேர்ந்தது. டிசம்பர் 7ஆம் நாள் ஜப்பானியக் கப்பல் தொகுதியைத் தேடிச் சென்ற பிரிட்டிஷ் கேட்டலினா கடல் விமானத்தைக் கி-27கள் சுட்டு வீழ்த்தின.

ஹயபூசாவின் வரலாற்றில் மலாயாவுக்குத் தனி இடம் உண்டு. தரைப்படை முதலில் அதனை விரும்பவில்லை. விரைந்து திரும்புவதில் கி-27ஐ விடப் பின்தங்கியது என்று விமானிகள் குறைகூறினர். திட்டம் ஏறக்குறையக் கைவிடப்பட்டது. தெற்கு நோக்கிப் படையெடுக்கும் எண்ணம் வலுத்த பிறகே, இந்தோசீனாவிலிருந்து கடல் கடந்து மலாயாவரை சென்று திரும்பக்கூடிய சண்டை விமானம் தேவைப்பட்டது. கி-27ஆல் அது இயலாது. ஹயபூசாவால் இயன்றது. 64ஆம் பிரிவு போர் தொடங்கியபோது இருந்த ஃபூ குவோக் தீவிலிருந்து கோத்தா பாரு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். இத்தொலைவே அவ்விமானத்தைக் காப்பாற்றியது எனலாம்.

64ஆம் பிரிவின் தலைவர் தத்தேயோ கத்தோ. டிசம்பர் 7ஆம் நாள் படையெடுப்புக் கப்பல்களுக்குக் காவலாக மோசமான வானிலையில் தாமே தலைமையேற்றுச் சென்றார். உடன் சென்றவர்களில் மூவர் இருளில் வழிதவறித் திரும்பவில்லை. டிசம்பர் 22ஆம் நாள் கோலாலம்பூருக்கு மேல் நடந்த சண்டையில், ஆஸ்திரேலியாவின் 453ஆம் அணியைச் சேர்ந்த பன்னிரண்டு பஃபலோ விமானங்களை எதிர்கொண்டவை கத்தோவின் பிரிவைச் சேர்ந்த பதினெட்டு ஹயபூசாக்கள். அன்று இரு தரப்பினரும் தாம் வீழ்த்தியதாகக் கூறிய எண்ணிக்கை எதிர்த்தரப்பு உண்மையில் இழந்ததை விட மிகுதி. இதுவும் பொய்யன்று. ஒரே விமானத்தை மூவர் சுட்டு, மூவரும் தாமே வீழ்த்தியதாக நம்புவது வான்போரில் வழக்கம். மூன்று நாள் கழித்து அதே பிரிவு ரங்கூன் தாக்குதலுக்குத் துணை சென்றது. அங்கே எதிர்த்துப் பறந்த அமெரிக்கத் தன்னார்வ விமானிகளும் 'சீரோ'க்களோடு போரிட்டதாகவே எழுதிவைத்தனர்.

கத்தோ சீனாவில் பறந்த காலத்தில் அவர் ஊர்ந்தது இரட்டை இறக்கை கொண்ட கி-10, பின்னர் கி-27, இறுதியில் ஹயபூசா. 1942 மே 22ஆம் நாள் அக்யாப்பைத் தாக்க வந்த ஒரே ஒரு பிளென்ஹைம் விமானத்தைத் துரத்திச் சென்றபோது, அதன் மேற்கூண்டில் இருந்த துப்பாக்கி வீரரின் குண்டு பட்டு வங்கக் கடலில் விழுந்து இறந்தார். ஜப்பானில் அவர் பெயரும் ஹயபூசாவின் பெயரும் பாட்டாகவும் 1944இல் திரைப்படமாகவும் வீடுதோறும் சென்றன. ஆக, ஓட்டியவரின் நாட்டில் எல்லாருக்கும் ஹயபூசாவாக இருந்தது, எதிர்த்தவர் நாவில் சீரோவாக இருந்தது.

சீரோக்கள் எங்கே? இந்தோசீனாவில் இருந்த கடற்படை விமானப் பிரிவோடு ஒரு சிறு சீரோ அணி இணைக்கப்பட்டிருந்தது. ஜனவரியில் சிங்கப்பூர் மீது நடந்த சில தாக்குதல்களில் அவை பங்கேற்றன. டிசம்பர் 10ஆம் நாள் குவாந்தானுக்கு அப்பால் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' ஆகிய இரு பெருங்கப்பல்களை மூழ்கடித்து 840 பேரைக் கொன்றதும் கடற்படை விமானங்களே. ஆனால் அவை இரட்டை இயந்திரக் குண்டுவீச்சு விமானங்கள். சண்டை விமானம் எதுவும் அவற்றோடு வரவில்லை. இந்நிகழ்ச்சியிலும் சீரோவை நுழைத்துப் பேசுவோர் உளர்.

புகழ்பெற்ற விமானியையும் ஒரு விமானத்தையும் பிரிக்க முடியாதபடி முடிச்சுப்போடுவது எல்லா நாட்டிலும் காணும் பழக்கம். முதல் உலகப் போரின் ஜெர்மானிய வீரர் மன்ஃபிரட் ஃபொன் ரிக்டோஃபன் என்றால் சிவப்பு நிற மூவிறக்கை ஃபாக்கர் விமானமே நினைவுக்கு வரும். அவருக்குரிய 80 வெற்றிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே அவ்விமானத்தில் பெற்றவை. பெரும்பாலானவை இரட்டை இறக்கை அல்பட்ராஸ் விமானங்களில் பெற்றவை. அவர் 1918 ஏப்ரலில் இறந்தது மூவிறக்கை விமானத்தில் என்பதால் அந்த உருவமே நிலைத்துவிட்டது. மாறாக, இரண்டாம் உலகப் போரில் 352 வெற்றிகள் பெற்ற எரிக் ஹார்ட்மன் அவை அனைத்தையும் மெசர்ஷ்மிட் 109 என்னும் ஒரே வகை விமானத்தில் பெற்றார். எனவே பரவலான நம்பிக்கை எப்போதும் பிழை என்று கொள்வதும் பிழையே. ஒவ்வொன்றையும் தனியே ஆராய வேண்டும்.

இல்லாத விமானத்தைக் கண்டவர்களும் உண்டு. 1940இல் ஜெர்மனி 'ஹைன்கல் 113' என்ற புதிய சண்டை விமானம் தன் படையில் இருப்பதாகப் படங்களை வெளியிட்டது. உண்மையில் அது படையில் சேராத ஒரு மாதிரி விமானத்துக்குப் பல்வேறு அடையாளங்கள் தீட்டி எடுத்த படம். அவ்வாண்டு பிரிட்டன் வானில் போரிட்ட விமானிகள் பலர் 'ஹைன்கல் 113'ஐ எதிர்கொண்டதாக அறிக்கை தந்தனர். கண்டது மெசர்ஷ்மிட்டை, கேட்டிருந்தது ஹைன்கலை.

மலாயாவில் நேர்ந்ததும் இதற்கு நெருங்கிய ஒன்றே. சீரோ 1940 செப்டம்பரிலேயே சீனாவில் சோங்சிங் வானில் போரிட்டது. அதன் ஆற்றல் பற்றிய அறிக்கைகள் தூரகிழக்குத் தலைமையகத்துக்கு வந்தும், மலாயாவின் விமான அணிகளைச் சரிவரச் சென்றடையவில்லை. ஜப்பானிய விமானங்கள் தரம் தாழ்ந்தவை என்ற நினைப்பே தளங்களில் நிலவியது. அந்நினைப்போடு எழுந்தவர்கள், தம் பஃபலோவைவிட வேகமாக ஏறி வளைந்த ஒன்றைக் கண்டபோது, அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ஹயபூசாவைப் பற்றி எவரும் கேள்விப்பட்டதே இல்லை. கையில் இருந்த ஒரே பெயர் கடற்படையின் சீரோ. எனவே அதைச் சூட்டினர். ஜனவரி 20 முதல் சிங்கப்பூரில் போரிட்ட ஹரிக்கேன் விமானிகளும் அதையே பின்பற்றினர். பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க நேச நாடுகள் 1942இல் புதிய குறிப்பெயர்களை உருவாக்கின. சீரோவுக்கு 'ஸீக்', ஹயபூசாவுக்கு 'ஆஸ்கர்', கி-27க்கு 'நேட்'. அதற்குள் மலாயா விழுந்து மாதங்கள் ஆகியிருந்தன, முதற்பெயர் ஊறிவிட்டது.

இதில் மனித இயல்பு ஒன்றும் கலந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உலகறிந்த வலிய எதிரியிடம் தோற்றோம் என்பது, பெயர் தெரியாத ஒன்றிடம், அதிலும் இரண்டே துப்பாக்கிகள் கொண்ட ஒன்றிடம், தோற்றோம் என்பதைவிட எளிதில் ஏற்கத்தக்கது.

மெய் காணும் முறை

மாணவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. இந்த மயக்கத்தைத் தீர்த்தது புதிய கண்சாட்சி அன்று. கிறிஸ்டஃபர் ஷோர்ஸ், பிரையன் கல், யசுஹோ இசாவா ஆகிய மூவர் பிரிட்டிஷ் அணிகளின் நாட்குறிப்பையும் ஜப்பானியப் பிரிவுகளின் பதிவையும் நாள்தோறும், இயன்றவரை மணிதோறும், எதிரெதிரே வைத்து ஒப்பிட்டனர். அவர்தம் நூலின் முதல் தொகுதி 1992இல் வெளிவந்தது. ஒரு நாளில் ஓரிடத்தில் ஆஸ்திரேலிய அணி 'சீரோ'க்களோடு மோதியதாக எழுதியிருக்கும். அதே நாளில் அதே இடத்தில் ஜப்பானியக் கடற்படைப் பதிவில் எந்தப் பறப்பும் இராது. தரைப்படையின் 64ஆம் பிரிவோ பஃபலோக்களோடு மோதியதாக எழுதியிருக்கும். இரண்டையும் இணைத்தால் விடை கிடைத்துவிடும். விழுந்த விமானங்களின் சிதைவு, சுடப்பட்ட விமானங்களின் உடலில் உள்ள துளைகள், வால்பகுதியில் தீட்டப்பட்ட பிரிவு அடையாளம் ஆகியவை துணைச் சான்றுகள். 64ஆம் பிரிவின் வாலில் சாய்ந்த அம்புக்குறி இருக்கும். கடற்படை விமானத்தில் அது இராது.

தமிழ் பயில்வோர்க்கு இம்முறை புதிதன்று. ஒரு பாட்டின் பாட வேறுபாட்டைத் தீர்க்கச் சுவடிகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கிறோம். ஒருவர் நினைவில் ஓதியதை மட்டும் நம்பிப் பதிப்பிப்பதில்லை.

இவ்வூர் அறிந்த ஒன்று

பெயர் மாறினால் என்ன, குண்டு குண்டுதானே என்று கேட்கலாம். புக்கிட் பெலண்டோக்கில் இவ்வினாவை எழுப்புவோருக்கு வெளியிலிருந்து எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

1998 செப்டம்பரில் பேராக்கின் கிந்தா வட்டாரத்தில் தொடங்கிய காய்ச்சல், அவ்வாண்டின் இறுதியில் நெகிரி செம்பிலானை அடைந்தது. பன்றிப் பண்ணைகள் மிகுந்த இவ்வட்டாரத்தில் அது மிகக் கொடிதாகப் பரவியது. தொடக்கத்தில் அதனை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கொண்டனர். மக்கள் 'ஜே.இ.' என்று சொன்னது அதைத்தான். அந்நோய் நாட்டில் முன்பே அறியப்பட்டது, கொசுவால் பரவுவது, பன்றியோடு தொடர்புடையது. முதலில் ஆய்வு செய்யப்பட்ட நோயாளிகள் சிலரின் குருதியில் அதற்குரிய சான்றும் கிடைத்தது. ஆகவே கொசுப்புகை அடித்தனர், தடுப்பூசி போட்டனர். நோய் நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இதுவோ பண்ணையில் வேலை செய்த வளர்ந்த ஆடவரைத் தாக்கியது. தடுப்பூசி போட்டவர்களும் நோயுற்றனர். அதே வீட்டில் இருந்தும் பன்றியைத் தொடாதவர்கள் பெரும்பாலும் தப்பினர். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் சுவா காவ் பிங் முற்றிலும் புதிய நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். அதற்கு இங்குள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் வழங்கலாயிற்று. அது கொசுவால் பரவவில்லை; நோயுற்ற பன்றியை நெருங்கிப் பழகியதால் பரவியது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்ட பிறகே நோய் அடங்கியது. நாட்டில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் இறந்தனர்.

இரு நிகழ்ச்சிகளின் அமைப்பும் ஒன்றே. புதியது வந்தபோது, கையிருப்பில் இருந்த பழைய பெயர் அதன்மேல் ஏற்றப்பட்டது. அப்பெயரை மெய்ப்பிக்கச் சிறிது சான்றும் இருந்தது. மலாயா வானில் சில சீரோக்கள் உண்மையிலேயே பறந்தது போல. பெயர் எதைச் சொன்னதோ அதற்கேற்ற காப்பையே மக்கள் மேற்கொண்டனர். பொருந்தாத செய்திகள், அதாவது வளர்ந்த ஆடவர், தடுப்பூசி போட்டவர், பன்றியைத் தொட்டவர் என்பன, பெயரைக் கேள்வி கேட்கும்வரை தனித்தனித் துணுக்குகளாகவே கிடந்தன. விமானப் பெயரில் நேர்ந்த பிழை, இன்று எழுதுகிற நம் வரலாற்றை மட்டுமே கெடுக்கும். அன்று பறந்தவர்களுக்கோ, எதிரில் வருவதன் இறக்கையில் பீரங்கி உண்டா இல்லையா என்பது உயிர்ப் பிரச்சினை.

தோட்டத்து நினைவுகளைத் தொகுப்போர்க்கு

ஆசிரியர்கள் மாணவர்களை முதியோரிடம் அனுப்பி 'ஜப்பான்காரன் காலத்து' நினைவுகளைத் தொகுக்கச் செய்வது நற்பணி. அக்காலத்தை நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. பெரும்பாலும் அவர்தம் மக்களிடம் கேட்டுத்தான் பெற வேண்டும். தொகுத்ததைக் கட்டுரையாக்கும்போது நிகழும் ஒரு தவற்றை இங்குச் சுட்டுவது தகும்.

தோட்டத்து முதியவர்கள் விமானத்தை விமானம் என்று சொல்வதில்லை. 'கப்பல்' அல்லது 'ஆகாயக் கப்பல்' என்பர். மலாய் மொழியிலும் 'கப்பால் தெர்பாங்' என்றே வழக்கு. அந்தக் 'கப்பால்' தமிழிலிருந்து சென்றது என்பது அறிஞர் பலர் கருத்து. 'கப்பல் வந்துச்சு, பால்வாளியைப் போட்டுட்டு மரத்தடியிலே படுத்துட்டோம்' என்று ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். மாணவர் அதை எழுதும்போது 'சீரோ விமானங்கள் வந்தன' என்று மாற்றிவிடுகிறார். நல்ல தமிழாக்கம் என்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் முதியவர் சொன்னதில் பிழை இருக்கவில்லை. மாற்றியதில் பிழை வந்துவிட்டது. கேட்பவர் இவ்வாறு மாற்றிய கட்டுரையை அடுத்தவர் சான்றாகக் கொண்டால், நெகிரி செம்பிலானில் சீரோவைக் கண்ட சாட்சி ஒருவர் புதிதாய்ப் பிறந்துவிடுவார்.

'கப்பல்' என்ற சொல்லை அப்படியே எழுதி, தெளிவுக்கு 'ஜப்பானிய விமானம்' என்று அடுத்த வரியில் விளக்கினால் போதும். அதற்கு மேல் அறிய விரும்பினால் பெயரைக் கேளாமல் தோற்றத்தைக் கேட்க வேண்டும். இயந்திரம் ஒன்றா இரண்டா? இரண்டு என்றால் குண்டுவீச்சு விமானமாகவே கொள்ளலாம். பறக்கையில் சக்கரங்கள் கீழே தொங்கினவா? தொங்கின என்றால் சீரோவும் இல்லை, ஹயபூசாவும் இல்லை; கி-27 ஆகலாம், கி-51 போன்ற இலகு குண்டுவீச்சு விமானமும் ஆகலாம், ஏனெனில் அதற்கும் சக்கரங்கள் உள்ளிழுக்கப்படுவதில்லை. எந்த மாதம் என்பதையும், தீபாவளி, தைப்பொங்கல் போன்ற நாள்களைக் கொண்டு நினைவுபடுத்திக் கேட்கலாம். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. 14ஆம் நாள் இம்மாநிலத்தின் கெமஞ்சே பாலத்தருகே ஆஸ்திரேலியர் பதுங்கியிருந்து தாக்கினர். போர்முனை நெகிரி செம்பிலானைக் கடந்தது தைப்பொங்கலை ஒட்டிய அந்த நாள்களில்தான். பொங்கலுக்கு முன்பு கண்டதா பின்பு கண்டதா என்று தெரிந்தால், எந்தப் பிரிவு அப்போது எந்தத் தளத்தில் இருந்தது என்று பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம்.

இரப்பர் மரங்களின் இலைகளுக்கு இடையே தெரிந்த ஒரு துண்டு வானத்தில் ஓரிரு நொடி கடந்து போனதன் இறக்கையில் சிவப்பு வட்டம் மட்டுமே நினைவிருக்கிறது என்று ஒருவர் சொல்லலாம். அவ்வாறே எழுதிவைக்க வேண்டும். அந்தச் சிவப்பு வட்டம் தரைப்படைக்கும் கடற்படைக்கும் பொது.